பெயர் வெட்டிய பாத்திரங்கள்

எங்கள் வீட்டில் எதையும் லேசில் கழித்துக்கட்ட முடியாது. எல்லாவற்றிலும் யாராவது ஒருவர் பெயர் இருக்கிறது.

பரணில் கிடக்கும் தூக்குவாளி ஒன்றைச் சொல்கிறேன். எவர்சில்வர். வாளியின் விளிம்புக்குக் கீழே என் தாத்தாவின் இனிஷியல், மூடியில் வேறொரு வீட்டுக்காரர் பெயர். ஏதோ ஒரு விசேஷத்தில் மூடி மாறிப்போயிருக்கிறது. எங்கள் மூடி யார் வீட்டில் இருக்கிறதோ. வாளியில் உள்ள எழுத்து, உளியும் சின்னச் சுத்தியலும் வைத்துப் புள்ளி புள்ளியாகக் குத்தியது. உள்ளே கைவிட்டுத் தடவினால் அந்தப் புள்ளிகள் சொரசொரவென்று தட்டுப்படும்; எத்தனை தேய்த்தாலும் அந்த இடத்தில் மட்டும் சாம்பார் மஞ்சள் போகாது. மூடியில் இருப்பது பிற்காலத்து மின்சார ஊசி எழுத்து. கை நடுங்குகிறவர் கையெழுத்துப் போட்டதுபோல ஒரே கோடாக ஓடும்.

மதுரைப் புதுமண்டபத்தில் பாத்திரக் கடைகள் இருந்த காலத்தில், வாங்கின கையோடு "பேர் வெட்டணுமா?" என்று கேட்பார்கள். துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்ததில் பிழை இருந்தால் பாத்திரம் உள்ளவரைக்கும் அது பிழைதான். எங்கள் வீட்டுத் தாம்பாளம் ஒன்றில் 'திருமனம்' என்று இரண்டு சுழியோடு நிற்கிறது. அந்தக் கல்யாணம் நன்றாகத்தான் நடந்தது, அந்தத் தம்பதிக்குப் பேரன் பேத்தி எல்லாம் உண்டு.

நாங்கள் இருப்பது நான்கு பேர். பரணில் இருப்பதை இறக்கினால் ஒரு காதுகுத்துக்குச் சமைக்கலாம். குடம், குத்துப்போணி, அடுக்கு, சம்புடம், தேங்காய் பழத் தாம்பாளம், வெள்ளி விழாவுக்கு வந்த சின்னக் கிண்ணங்கள், கிரகப்பிரவேசத்துக்கு வந்த பெரிய கிண்ணங்கள், தாம்பூலப் பையில் போட்டுக்கொடுத்த டப்பாக்கள். டப்பாக்கள் இத்தனை சின்னதாக இருக்கின்றனவே, இதில் என்னத்தைப் போட்டு வைப்பது என்று யாருக்கும் தெரியாது. எங்கள் வீட்டில் அதற்குள் இன்னும் சின்ன டப்பாவைப் போட்டு வைத்திருக்கிறோம்.

கொஞ்சமாக வைத்துக்கொண்டு வாழ்வது பற்றிய வீடியோக்களை ராத்திரி தூக்கம் வராதபோது நானும் பார்ப்பதுண்டு. வெள்ளைச் சுவர், ஒரு மர ஸ்டூல், ஒரு செடி, ஒரு ஜன்னல். ஒரு வருஷமாகத் தொடாத பொருளை வெளியேற்றிவிடு என்கிறார்கள். பார்க்கும்போது மூச்சு சீராகிறது, பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த வீடியோக்களில் ஒரு அத்தைகூட வருவதில்லை. "நான் வச்ச சீர் எங்கடா?" என்று அடுத்த பொங்கலுக்கு வந்து கேட்க அங்கே ஆள் கிடையாது.

அந்த ஆசை எனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், திருவல்லிக்கேணி மேன்ஷனில் போய் நிற்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அங்கே இருந்தேன். அறையில் இரண்டு இரும்புக் கட்டில், சுவரில் ஒரு மர அலமாரி, கதவுக்குப் பின்னால் ஆணி. என் பங்குக்கு ஒரு சூட்கேஸ், ஒரு பாய், பிளாஸ்டிக் வாளி, மக்கு, ஜன்னலுக்கும் ஆணிக்கும் நடுவில் கட்டிய நைலான் கொடி. வாளியில் மட்டும் பெயிண்டால் அறை எண் எழுதியிருக்கும், இல்லாவிட்டால் காலையில் குளியலறை வாசலில் வரிசையில் வைத்தது மத்தியானத்துக்குள் வேறு மாடிக்குப் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை அறையைச் சுத்தம் செய்ய ஒரு டீ குடிக்கிற நேரம் போதும். கட்டிலுக்கு அடியில் சூட்கேஸை இழு, பெருக்கு, சூட்கேஸைத் தள்ளு. முடிந்தது.

அந்த லேசான உணர்வு உடம்பில் இருந்தது. பூட்டை மறந்துவிட்டு வெளியே வந்தாலும் பாதி வழியில் திரும்பத் தோன்றாது. எதைத் திருடுவான்? அறை மாறச் சொன்னால் பத்து நிமிஷத்தில் மாறலாம். சொத்து இல்லாதவனுக்குப் பயம் இல்லை என்று பெரியவர்கள் சொல்வதை நான் வைராக்கியப் பேச்சு என்றுதான் நினைத்திருந்தேன். அது வெறும் நடைமுறைத் தகவல்.

ஆனால் அந்த அறையில் அடுப்பு இல்லை, ஏனென்றால் தெருமுனையில் மெஸ் இருந்தது. இஸ்திரிப் பெட்டி இல்லை, கீழே தள்ளுவண்டியில் கரிப்பெட்டியோடு ஒருவர் இருந்தார். நாற்காலி மேஜை இல்லை, அண்ணா சாலையில் தேவநேயப் பாவாணர் நூலகம் இருந்தது, மின்விசிறிக்கு அடியில் எத்தனை நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். புத்தகம் சேர்க்கவில்லை, பாரதி சாலை நடைபாதையில் பழைய புத்தகம் வாங்கிப் படித்துவிட்டு அங்கேயே பாதி விலைக்குத் திருப்பிப் போடலாம். ஹால் இல்லை, நடந்து போகிற தூரத்தில் மெரினா இருந்தது. என் அறையில் ஒன்றுமில்லாமல் இருந்ததற்கு என் குணம் காரணமே இல்லை. ஊரில் எல்லாம் இருந்தது.

இதை நினைத்துக்கொண்டேதான் அழகர்மலைக் கல்படுக்கைகளைப் பார்த்தேன். மதுரையைச் சுற்றி இருக்கும் குன்றுகளில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் சமண முனிவர்கள் தங்கிய குகைத்தளங்கள் நிறைய உண்டு: மாங்குளம், அரிட்டாபட்டி, கீழவளவு, கொங்கர்புளியங்குளம், திருப்பரங்குன்றம், இன்னும் எத்தனையோ. ஊர்க்காரர்கள் பஞ்சபாண்டவர் படுக்கை என்பார்கள். அழகர்மலைக் குகைத்தளம் கிடாரிப்பட்டிப் பக்கம் இருக்கிறது. அழகர் கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட இந்தப் பக்கம் திரும்பாது, அதுவும் ஒரு வகையில் நல்லதுதான்.

கல்படுக்கை என்றால் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். பாறைத் தரையில் ஒரு ஆள் படுக்கிற நீளத்துக்கு மட்டமாகச் செதுக்கி வழவழப்பாக்கியிருப்பார்கள். தலைமாட்டில் மட்டும் கல் லேசாக உயர்ந்திருக்கும், அதுதான் தலையணை. பக்கத்துப் படுக்கைக்கும் இதற்கும் நடுவில் ஒரு சின்ன வரப்பு. மேலே பாறையின் நெற்றியில் நீளமாக ஒரு காடி வெட்டியிருப்பார்கள், மழைத் தண்ணீர் உள்ளே வழியாமல் வெளியிலேயே சொட்டிவிடும். அவ்வளவுதான் வீடு. திகம்பர முனிவர் என்றால் உடுப்பும் கிடையாது, கையில் பூச்சிகளை விலக்க மயில்பீலியும் தண்ணீருக்குக் கமண்டலமும் மட்டும். எந்த வீடியோக்காரரும் இந்த இடத்துக்கு வந்து சேர முடியாது.

சரி, அந்தக் கல்லை யார் செதுக்கினார்கள்? அங்கேயே எழுதியிருக்கிறது. அழகர்மலையில் இருக்கும் தமிழிக் கல்வெட்டுகள், அதாவது தமிழ் பிராமி எழுத்தில் வெட்டியவை, கி.மு. முதல் நூற்றாண்டை ஒட்டியவை என்கிறார்கள். ஒன்றில் மதுரைப் பொற்கொல்லன், இன்னொன்றில் மதுரை உப்பு வணிகன், அப்புறம் கொழு வணிகன், அதாவது ஏர்க்கொழு விற்றவர், பிறகு அறுவை வணிகன், துணி வியாபாரி. மாங்குளத்தில் இதற்கும் முந்திய எழுத்துகள் உண்டு, அங்கே நெடுஞ்செழியன் பெயரும் வெள்ளறை என்ற ஊரின் வணிகர் கூட்டமும் வருகிறார்கள். உப்பு விற்ற காசில் ஒரு துறவிக்குப் படுக்கை. சட்டைகூட இல்லாதவர் தலைக்குமேல் துணிக்கடைக்காரர் பெயர்.

சிரித்துவிட்டேன். எங்கள் பரணில் இருக்கும் அதே சமாச்சாரம்தான் இது, கல்லில் இருக்கிறது. 'இன்னார் உபயம்' என்று டியூப்லைட்டின் வெளிச்சமே தெரியாமல் எழுதிவைக்கும் நம் கோயில் பழக்கத்தை எல்லாரும் கிண்டல் செய்கிறோம். இருபது நூற்றாண்டாக விடாமல் செய்துகொண்டிருக்கிறோம் என்றால் அதற்கு ஏதோ ஒரு மரியாதை கொடுக்க வேண்டியதுதான். அந்த வணிகர்கள் இல்லையென்றால் முனிவர் மழையில் நனைந்திருப்பார். ஒன்றுமில்லாமல் இருக்கிறவருக்குப் பின்னால் கொடுக்கிற கை நிறைய வேண்டியிருக்கிறது. அதை அந்தக் குகை மறைக்கவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது.

நம் ஆட்கள் எளிமை பற்றிப் பேசும்போது இந்தக் கை மட்டும் காணாமல் போய்விடும். ஒவ்வொரு அக்டோபர் 2-ம் தேதியும் காமராஜர் பற்றிய செய்தி என் போனுக்கு வந்துவிடும். காந்தி பிறந்தநாளில், 1975-இல் அவர் இறந்தார். தி.நகர் திருமலைப்பிள்ளை சாலையில் வாடகை வீடு, சில வேட்டி சட்டை, கொஞ்சம் புத்தகம், சொற்பக் காசு. பத்து வருஷம் போல முதலமைச்சராக இருந்தவர் விட்டுப் போனது இவ்வளவுதான் என்பது இன்றைக்கும் தொண்டையை அடைக்கிற விஷயம். ஆனால் இதே செய்தியை அனுப்புகிறவர்கள் கூடவே இன்னொரு கதையையும் சொல்வார்கள்: விருதுநகர் வீட்டில் அவர் அம்மாவுக்குத் தனியாகப் போட்டுக்கொடுத்த தண்ணீர்க் குழாயை அவர் கழற்றச் சொல்லிவிட்டார் என்று. பொதுவாழ்வின் நேர்மைக்கு அது பெரிய உதாரணம், மறுக்கவில்லை. எனக்கு அந்தக் கதையைக் கேட்டால் குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருக்குழாய்க்குத் திரும்பவும் போன அந்த அம்மாவின் இடுப்புதான் ஞாபகம் வருகிறது.

ஒருத்தர் எளிமையாக இருப்பதன் பாரம் வீட்டில் யார் தலையில் விழுகிறது என்று பார்க்க வேண்டும். 'மிக்சி வேண்டாம், அம்மியில் அரைத்தால்தான் ருசி' என்று சொல்கிற ஆண்கள் யாரும் அம்மி அரைத்ததாக நான் பார்த்ததில்லை. 2011-இல் தமிழ்நாடு அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்க ஆரம்பித்தபோது அதை ஓட்டுக்கான இலவசம் என்று என் அலுவலகத்தில் கேலி பேசினார்கள். கேலி பேசிய அத்தனை பேர் வீட்டிலும் கிரைண்டர் இருந்தது. எங்கள் தெருவில் வீட்டு வேலைக்கு வருகிற அக்கா அந்தக் கிரைண்டர் வந்த பிறகு விடியற்காலையில் ஒரு மணி நேரம் அதிகம் தூங்கினேன் என்றார். ஆட்டுக்கல்லில் மாவாட்டிவிட்டு மூன்று வீட்டுக்கு வேலைக்குப் போகிறவரிடம் போய்க் குறைவான பொருள்களின் அழகு பற்றிப் பேச எனக்கு வாய் வராது. அவர் வீட்டில் ஏற்கெனவே குறைவாகத்தான் இருக்கிறது.

கிரைண்டர் இருக்கட்டும். எங்கள் பரணில் இருக்கும் அண்டாவுக்கு வருவோம்.

எங்கள் வீட்டில் இரண்டு அண்டா இருக்கிறது, பித்தளையில், உள்ளே ஈயம் பூசியது. ஈயம் பூசுகிறவர் தெருவுக்கு வந்தே எத்தனையோ காலமாகிறது. அதைக் கொடுத்துவிடலாம் என்று அம்மாவிடம் பேச்செடுத்தேன். பித்தளை நல்ல விலைக்குப் போகும், எவர்சில்வருக்குத்தான் எடைக்கு ஒன்றும் தரமாட்டார்கள்.

"நாளைக்கு ஒரு விசேஷம்னா யார் வாசல்ல போய் நிக்கிறது?" என்றார் அம்மா.

நான் கேட்டரிங் என்றேன், வாடகைப் பாத்திரம் என்றேன். அதெல்லாம் அவருக்கும் தெரியும். கடைசியாக எங்கள் வீட்டில் நடந்த விசேஷத்துக்கு அந்த அண்டாவை யாரும் இறக்கவே இல்லை. காண்ட்ராக்டர் தன் பாத்திரத்தோடு வந்தார், வாழையிலையில் இருந்து பீடா வரை அவரே கொண்டுவந்தார், போகும்போது எண்ணி எடுத்துக்கொண்டு போனார். இருந்தாலும் அம்மாவின் கேள்விக்கு அது பதில் இல்லை. அவர் பயப்படுவது சமையலுக்கு இல்லை, ஒருத்தரிடம் போய்க் கேட்க வேண்டியிருக்குமே என்பதற்கு.

அப்புறம் அவரே சொன்னதுதான் எனக்குப் புதிதாக இருந்தது. அவர் கல்யாணமாகி வந்த காலத்தில் தெருவில் அண்டா வைத்திருந்தது இரண்டே வீடு. மீதி எல்லாரும் வாங்கித்தான் பயன்படுத்தினார்கள். அதுபோக உறவின்முறைக்கு, அதாவது சாதிக்காரர்கள் சங்கத்துக்கு, பொதுவாகப் பாத்திரம் இருந்தது: அண்டா, குண்டான், சாதம் வடிக்கிற மூங்கில் தட்டு, கரண்டிகள், பந்திக்கு விரிக்கிற ஜமுக்காளம். விசேஷ வீட்டுக்காரர் நோட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்துப்போய், விளக்கித் திருப்பி வைக்க வேண்டும். கரண்டி ஒன்று குறைந்தால் அதற்குக் காசு. பெயர் வெட்டினதே இதற்காகத்தான் என்றார் அம்மா. பத்து வீட்டுப் பாத்திரம் ஒரே அடுப்பங்கரையில் கூடுகிறபோது யாருடையது எது என்று தெரிய வேண்டாமா? கொடுக்கிறவர்கள்தான் பெயர் வெட்டினார்கள். பூட்டி வைக்கிறவர்களுக்கு எதற்குப் பெயர்?

பூட்டி வைத்தவர்களும் வெட்டினார்கள் என்று சொல்லலாம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. செட்டிநாட்டு வீடுகளில் இருந்து வந்த சாமான்கள். சுவீடனில் இருந்து கப்பலில் வந்த எனாமல் பாத்திரம், பர்மாத் தேக்கு அலமாரி, பித்தளை அடுக்கு, அரக்குப் பெட்டி. ஒரு பெண்ணுக்குச் சீராகக் கொடுத்தது டஜன் கணக்கில் இருக்கும். பல பாத்திரங்களில் குடும்பத்து விலாச எழுத்துகள், அதாவது இனிஷியல்கள், அப்படியே இருக்கின்றன. கட்டுகட்டாக அறைகள் கட்டி, ஒவ்வொன்றுக்கும் பூட்டுப் போட்டு, தலைமுறை தாண்டிக் காத்த சாமான். இன்றைக்கு ஏதோ ஒரு ஹோட்டலில் செடி வைக்க வாங்கிப்போகிறார்கள். ஒரு எனாமல் தூக்கை நானும் கையில் எடுத்துப் பார்த்தேன், அடுப்பில் ஏறின அடையாளமே இல்லை, அடியில் எனாமல் புத்தம் புதிதாக மினுங்கியது. விலை கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

அம்மா சொன்ன நோட்டு என் மண்டையில் நின்றுவிட்டது. கொஞ்சமாக வைத்துக்கொள்வதற்குக் கடினமான பகுதி பொருளைக் கழிப்பது என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கென்னவோ கூச்சமில்லாமல் கேட்பதும், மூஞ்சி சுளிக்காமல் கொடுப்பதும்தான் கடினமாகத் தெரிகிறது. அந்தப் பழக்கம் விட்டுப்போனதால்தான் வீட்டுக்கு வீடு பரண் நிறைந்திருக்கிறது. பழையது எல்லாம் பொற்காலம் என்றும் சொல்ல வரவில்லை. பொதுப் பாத்திரம் யார் யாருக்குக் கிடைத்தது, யார் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டியிருந்தது என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். உறவின்முறை அண்டா உறவின்முறைக்கு மட்டும்தான். சாதி கேட்காத ஒரு அண்டா நம் ஊர்களில் அபூர்வம்.

மேன்ஷனில் அது இருந்தது. மெஸ் டோக்கன் யார் நீட்டினாலும் சோறு. அதனால்தானோ என்னவோ, ஒன்றுமில்லாமல் இருந்த அந்தக் காலம் எனக்குக் குறையாகவே தோன்றியதில்லை.

இப்போது நாங்கள் இருப்பது அபார்ட்மெண்ட். போன வருஷம் சங்கக் கூட்டத்தில் ஒரு யோசனை சொன்னேன்: வீட்டுக்கு ஒரு ஏணி, வீட்டுக்கு ஒரு டிரில்லிங் மெஷின் எதற்கு? சுவரில் ஆணி அடிப்பது ஆயுசுக்கு எத்தனை தடவை? பொதுவில் ஒன்று வாங்கி வாட்ச்மேன் அறையில் வைக்கலாம், நோட்டில் எழுதிவிட்டு எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவது மாடி சார் "அதெல்லாம் ரெண்டாயிரம் ரூபா சார், ஆளுக்கு ஒண்ணு வாங்கிக்கலாமே" என்றார். கீழ்வீட்டு மதினி நான் சொல்வதை ஆதரித்தார், ஆனால் அவர் வீட்டில் ஏற்கெனவே ஏணி இருப்பதால் அதையே சங்கத்துக்கு விற்கலாமா என்று கேட்டார். அந்த ஏணிதான் கடைசியில் வந்தது. ஒரு கால் கொஞ்சம் குட்டை, அட்டையை மடித்து வைக்க வேண்டும்.

எட்டு மாதமாக நோட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. டிரில்லிங் மெஷின் எழுதாமல் போனது ஒரே முறைதான், அதுவும் திரும்பி வந்துவிட்டது. ஆறு எம்எம் பிட் ஒடிந்தது, ஒடித்தது யார் என்று நோட்டைப் பார்த்தாலே தெரியும் என்றாலும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, இரண்டு நாளில் புதுப் பிட் வந்திருந்தது. அம்மாவும் தன் பங்குக்கு ஒரு அண்டாவைக் கொடுக்கச் சம்மதித்திருக்கிறார், பொங்கலுக்குக் கீழே எல்லாருமாகச் சேர்ந்து வைக்கிறோமே, அதற்கு. இன்னொன்றைக் கேட்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

இப்போதைய தகராறு ஒட்டடைக் கம்பு பற்றியது. மாடிப்படி உச்சி வரை எட்டுகிற நீளக் கம்பு வாங்க எல்லாருக்கும் சம்மதம். அத்தனை நீளத்தை வாட்ச்மேன் அறையில் வைக்க முடியாது, வராந்தாவில்தான் சாய்த்து வைக்க வேண்டும். எந்த மாடி வராந்தாவில் என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேசப்போகிறோம்.